குளியலறையில் கிளம்பிய நீராவி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், குளிக்காமல் சுகம். நீ அங்கே வேளாவேளைக்குக் குளித்துச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த வருடமும் லீவு கிடைக்காது என்று நீ போனில் சொன்னதிலிருந்து அப்பா டிவி முன்னால் உட்கார்ந்தே இருக்கிறார், கரண்ட் இல்லாதபோதும்.

நம் மின்சார ஆபீஸ் பூமிச் சூட்டிலிருந்து கரண்ட் எடுக்கப் பாறையைத் துளைக்கிறது என்று சொன்னேனே, துளைக்க வேண்டிய இடம் மேட்டில் இருந்தது, அங்கே மந்திரி கார் ஏறாது என்று பெரிய அதிகாரி குழியை நம் வீட்டுக்குப் பின்னால் ரோட்டோரம் மாற்றிவிட்டார். பாதி ஆழத்திலேயே பணம் தீர்ந்துவிட்டது, திறப்பு விழா மட்டும் நிற்கவில்லை. ஆபீஸ் கேண்டீனில் டீ போடுகிற என்னைப் பெரிய அதிகாரி கூப்பிட்டு, "அக்கா, நீங்கதான் மானத்தைக் காப்பாத்தணும்" என்றார். திரைக்குப் பின்னால் நான் கேண்டீன் பாய்லரை விறகு போட்டு எரித்தேன், குழாயில் ஆவி வந்தது, மந்திரி கைதட்டினார். அதே நேரம் நம் குளியலறைத் தரையைப் பிளந்துகொண்டு நிஜ ஆவியே கிளம்பிவிட்டது. துண்டும் சோப்பு நுரையுமாக ஓடிவந்த அப்பாவுக்கு மந்திரி கைகொடுத்தார்.

இப்போது குளியலறை அரசாங்கச் சொத்து. வாசலில் காவலாளி, பக்கெட்டை உள்ளே விடுவதில்லை. டர்பைன் வாங்கக் கடன் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கம்பி இழுக்க ஆளில்லை, ஆவி அதுபாட்டுக்கு வீணாகிறது. உன் பழைய உடுப்புகளை அதில் காட்டிச் சுருக்கம் எடுத்தேன், காவலாளி சட்டைக்கும் எடுத்துக் கொடுத்ததால்தான் விட்டார்.

இது தேறுமா என்று சொல்ல நிபுணர் வேண்டுமாம். என் மகள் இந்த வேலைதானே பார்க்கிறாள் என்றேன். "உள்ளூர் ஆள் சரிப்படாதும்மா, வெளிநாட்டு நிபுணர்தான் வேணும்" என்றார் பெரிய அதிகாரி. நீ இருப்பதே வெளிநாட்டில்தான் என்றதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உன்னை அனுப்பச் சொல்லி உன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

தேறும் என்று நீ எழுதினால் வீட்டை எடுத்துக்கொள்வார்களாம், தேறாது என்றால் குழியை மூடிவிடுவார்களாம், தெரு இருட்டிலேயே கிடக்கும். வீட்டுக்காகப் பொய் எழுதாதே. பொய் ஆவி கிளப்ப நம் குடும்பத்தில் நான் ஒருத்தி போதும்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. ஆபீஸ் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்து வா, அது இல்லாமல் உன்னையும் குளிக்க விடமாட்டார்கள். அப்பா உன் கட்டிலைத் துடைத்துப் போட்டுவிட்டார். அறிக்கையை மட்டும் மெதுவாக எழுதம்மா. அது முடியும்வரை நிபுணர் இங்கேயேதான் தங்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா