ஐஸ் பெட்டியின் மேல் போட்ட பழி

அனுப்புநர்:
சி. கஸ்தூரியம்மாள்,
(காலஞ்சென்ற சிங்காரம் மனைவி)
கோயில் தெரு, கோட்டைக்குப்பம்,
பழவேற்காடு.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
காவல் நிலையம், மீஞ்சூர்.

பொருள்: என் பேத்தியின் லேப்டாப்பைப் பழுது பார்க்க வாங்கி, உள்ளிருந்த நல்ல மெமரியை எடுத்துக்கொண்டு கெட்டதைப் போட்டுக் கொடுத்த கடைக்காரர் மோகன்குமார் மீது நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதித் தருகிறவரிடம் போனால் தன் பேச்சைக் கலந்துவிடுவார் என்பதால் நானே எழுதுகிறேன். எழுத்து பெரிதாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

1. என் மகன் வயிற்றுப் பேத்தி பூவிழி, பட்டம் முடித்து வேலை தேடுகிறாள். எங்கள் பாட்டில், அதாவது ஏரியில் சீட்டுப்படி எங்கள் வீட்டுக்கு முறை வந்த இடத்தில், நல்ல இறால் பட்ட வருடம் என் மகன் அவளுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தான். போகப்போக அது இழுத்து இழுத்து ஓடியது. ஒன்றைத் தொட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். திரையில் பேசுகிறவர் திறந்த வாயோடு அப்படியே நின்றுபோவார். அடியில் தோசைக்கல் மாதிரி சுடும். இறால் வைக்கும் ஐஸ் பெட்டி மூடியில் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. இதைச் செய்தவள் நான்தான், மறைக்கவில்லை.

2. மேற்படி மோகன்குமார் வெளியாள் அல்லர். அவர் தாயாரும் நானும் மீஞ்சூர் மார்க்கெட்டில் அக்கம்பக்கமாகக் கூடை வைத்து மீன் விற்றவர்கள். அவர் மீஞ்சூரில் கடை திறந்த அன்று, தாலி இழந்தவள் என்று நான் ஒதுங்கி நின்றேன். "இன்னா பெரிம்மா, நீ ஏத்தாம வேற யாரு ஏத்துவாங்க?" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் என்னைத்தான் முதல் விளக்கை ஏற்ற வைத்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் இரண்டாவது ஆளிடம் கேட்டதில்லை.

3. லேப்டாப்பை அவரிடமே கொண்டுபோய், ஐஸ் பெட்டி மேல் வைத்ததையும் சொன்னேன். விசிறியில் அடைந்த தூசியை எடுத்தார். மெமரி பத்தவில்லை என்று புதிதாக ஒன்று மாட்டினார். எங்கள் ஊரில் வலை மிதவை மாறிப் போகாதிருக்க வீட்டுக்கு வீடு ஒரு குறி போடுவோம். எங்களுடையது நீலக்கோடு, பக்கத்தில் ஒரு பொட்டு. பழக்கம் விடவில்லை. பூவிழியின் நகப்பூச்சை வாங்கி மெமரியிலும் போட்டேன். "இத்த இன்னா ஏரிலயா வுடப் போற பெரிம்மா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

4. அதன்பின் லேப்டாப் நன்றாக ஓடியது. ஐஸ் பெட்டி பக்கமே கொண்டுபோகவில்லை. எழுத்துப் பட்டன் ஒன்று அமுங்கவில்லை என்று மறுபடி கொடுத்தோம். திரும்பி வந்தபோது முன்னைவிட மோசம். ஆன்லைன் இன்டர்வியூவில் பூவிழி தன் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் நின்றுவிட்டது. கேட்டதற்கு மோகன்குமார் போனில், "ஐஸ் பொட்டி மேல வச்ச இல்ல, தண்ணி எறங்கிச்சி. உன் பேத்தி பொழப்ப நீதான் கெடுத்த" என்றார். பூவிழி பக்கத்திலேயே இருந்தாள். அன்றிலிருந்து நான் போடும் சோற்றை அவள் தொடுவதில்லை. தானே போட்டுக்கொள்கிறாள்.

5. பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி கம்ப்யூட்டர் படித்தவள். அவளை விட்டுத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த மெமரியில் எங்கள் குறி இல்லை. ஐஸ் தண்ணீரில் அழிந்திருக்கும் என்று மோகன்குமார் மறுபடி போனில் சொன்னதைத்தான் பூவிழி நம்புகிறாள். ஐயா, அப்படி அழியுமென்றால் ஐஸில் கைவிட்டு மீன் அள்ளும் எங்கள் பெண்களில் ஒருத்தி நகத்திலாவது நிறம் நிற்குமா?

6. நேரில் போனேன். பழைய பாகங்கள் விற்கும் கண்ணாடிப் பெட்டியில் எங்கள் மெமரி கிடந்தது. கோட்டைச் சுரண்டியிருந்தான். பொட்டு அப்படியே இருந்தது. நான் பொட்டைக் காட்டிக் கையை நீட்டியதும் அதை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினான். "அது அழுக்கு. போம்மா, யாவாரத்த கெடுக்காத" என்றான். கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிம்மா என்ற சொல் அவன் வாயில் வரவேயில்லை.

ஆகவே ஐயா அவர்கள் அந்த டிராயரைத் திறக்கச் சொல்ல வேண்டும். பூவிழியை வரும் புதன்கிழமை மறுபடி இன்டர்வியூவுக்கு அழைத்திருக்கிறார்கள். அவனை ஜெயிலில் போட வேண்டாம், அவன் தாய் தாங்கமாட்டாள். லேப்டாப் கெட்டது ஐஸ் பெட்டியால் அல்ல என்று பூவிழியின் எதிரில் அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். மெமரி கிடைக்காவிட்டால் வேறு வாங்கிக்கொள்கிறோம். இதை அவன் சொன்னால்தான் உண்டு.

இப்படிக்கு,
சி. கஸ்தூரியம்மாள்

இடம்: கோட்டைக்குப்பம்
நாள்: 10-02-2025

இணைப்பு: கெட்ட மெமரி ஒன்று. நீல நகப்பூச்சு சீசா ஒன்று, நிறம் ஒத்துப் பார்ப்பதற்கு. சீசா பூவிழியுடையது, பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும்.