விசிறி இல்லாத அறை

உத்துவாதோ,
12 ஜனவரி 1999

அன்புக் கொமாத்ரே நில்சாவுக்கு,

புயல் கொண்டுபோன கூரை திரும்ப வந்துவிட்டது, கரண்ட் வந்துவிட்டது, நாங்களும் இருக்கிறோம். டெலிபோன் கம்பம் மட்டும் செப்டம்பரில் விழுந்த இடத்திலேயே சொகுசாகப் படுத்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் உனக்குச் சீட்டு அனுப்பிய காலம் நினைவுக்கு வருகிறது.

மார்ச் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். நவம்பரில் அன்செல்மோவுக்கு நெஞ்சுவலி வந்ததே, அதிலிருந்து டாக்டர் பாடுகிற ஒரே பாட்டு, கடையை மூடிவிட்டு எங்காவது போய் நன்றாகத் தூங்கு என்பதுதான். சான் ஹுவானிலிருந்து ஞாயிறுதோறும் கிளம்புகிற ஒரு வாரக் கப்பலுக்கு அவரை ஒருவழியாகத் தலையாட்ட வைத்திருக்கிறேன். நீ கப்பல் டிக்கெட் விற்கும்போது நான் வேறு யாரிடம் போவேன்? எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கப்பலிலேயே சத்தமில்லாத அறை. ஊசி விழுந்தால் கேட்க வேண்டும்.

இங்கே என் ராத்திரிகள் உனக்குத் தெரியாது. வெளியே கொக்கீ தவளைகள் கத்துவது தாலாட்டு, அதைச் சொல்லவில்லை. உன் பிள்ளை நொயெலின் ஞானஸ்நானத்துக்கு எங்களுக்கு நீ பரிசாகக் கொடுத்த விசிறியைச் சொல்கிறேன். பதினெட்டு வருடமாக என் தலைமாட்டில் லாரி மாதிரி உறுமுகிறது. மலைக்குளிரில் நான் இரண்டு கம்பளிக்குள் சுருண்டிருப்பேன், அது ஓடிக்கொண்டேயிருக்கும். புயலுக்குப் பிறகு ஜெனரேட்டர் வாங்கி வந்தாரே, முதலில் அதில் மாட்டியது ஃபிரிட்ஜை அல்ல, உன் விசிறியை. இறைச்சியெல்லாம் நாறிப்போயிற்று. நான் கத்தின கத்தல் ஊருக்கே கேட்டிருக்கும், விசிறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

நொயெல் காலேஜில் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? வியாழக்கிழமை அன்செல்மோ வழக்கம்போல் சரக்கெடுக்க அங்கே வரும்போது வாழையிலையில் பஸ்தேலெஸ் பலகாரம் கட்டிக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு ஆண்டவர் பிள்ளை கொடுக்கவில்லை. ஞானத்தாய் முறையில் என்னை மத்ரீனா என்று கூப்பிட ஒரு பிள்ளையை நீ கொடுத்தாய். அவனுடைய தகப்பன், அந்தக் கப்பல்காரன், திரும்பிப் பார்க்காமல் போனதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட உண்டு. முழங்கால் வலி என்று சொல்லி கோயிலுக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்த அன்செல்மோவை நான்தானே இழுத்து வந்தேன்! ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் புருஷன் பெண்டாட்டியாகத்தான் நிற்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அன்றிலிருந்து, பெற்றவளும் ஞானத்தாயுமாக, நீயும் நானும் கொமாத்ரே. கூடப்பிறந்தவளைக்கூட நான் இவ்வளவு உரிமையாகக் கூப்பிட்டதில்லை.

உன் கொமாத்ரே,
எனெய்டா


சாந்துர்சே, சான் ஹுவான்,
20 ஜனவரி 1999

அருமைக் கொமாத்ரே,

பஸ்தேலெஸ் வந்தது, நொயெல் நின்றுகொண்டே தின்று தீர்த்தான். எனக்கு வாழையிலைதான் மிச்சம்.

என் மேசைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஜன்னல் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். கண்ணுக்கு அறை கேட்கிறவர்கள் அவர்கள். நீதான் காதுக்குக் கேட்கிறாய், புத்திசாலி. வரைபடம் அனுப்பியிருக்கிறேன், பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. மேல் தளத்திலும் அறைகள், கீழ்த் தளத்திலும் அறைகள் இருக்கிற இடமாகப் பார். தலைக்கு மேல் நீச்சல் குளம் வந்தால் விடிவதற்குள் நாற்காலி இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள். காலுக்குக் கீழே நடன அரங்கு வந்தால் உன் கட்டிலும் சேர்ந்து ஆடும். மூக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம், துறைமுகத்துக்குத் துறைமுகம் நங்கூரச் சங்கிலி கடகடவென்று இறங்கும். பின்பக்கம் இன்ஜின். லிஃப்டுக்கு எதிரே எடுத்தால் குடித்தவர்களின் அரட்டை. பக்கத்து அறைக்குப் போக நடுவில் கதவு வைத்த அறைகளும் உண்டு, அதில் அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

கப்பலின் நடுவயிற்றில், ஐந்தாம் தளத்தில் எடு. ஆட்டமும் குறைவு. கல்லறைகூட அவ்வளவு அமைதியாக இருக்காது.

உன் கொமாத்ரே,
நில்சா


உத்துவாதோ,
29 ஜனவரி 1999

அன்புக் கொமாத்ரே,

வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நாலு மூலையிலும் காப்பிக் கோப்பை வைத்து, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். நீ சொன்ன கணக்குப்படி ஐந்தாம் தளத்தில் 512 தேறியது. மேலே அறை, கீழே அறை, லிஃப்ட் தூரம், நடுக்கதவு இல்லை. அதையே பதிவு செய்துவிடு.

அன்செல்மோ விசிறியை அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு வருவேன் என்கிறார். நீ அனுப்பிய விதிமுறைப் புத்தகத்தில் மின்சாமான் எதுவும் கூடாது என்று போட்டிருப்பதைக் காட்டினேன். அப்படியானால் பயணமே வேண்டாம் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, நில்சா. குழந்தைக்குப் பால்புட்டியைப் பிடுங்கின மாதிரி ஆகிவிட்டது.

உன் கொமாத்ரே,
எனெய்டா


சாந்துர்சே,
4 பிப்ரவரி 1999

அருமைக் கொமாத்ரே,

512ஐ உன் பெயரில் பிடித்து வைத்திருக்கிறேன், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படி. யோசித்துப் பார்த்தேன். சத்தமே இல்லாத இடத்தில் நம்மைப் போல மலைக்காரர்களுக்குத் தூக்கம் வருமா? கொக்கீயும் விசிறியும் கேட்டுப் பழகின காது. பின்பக்கம் மூன்றாம் தளத்தில் ஒரு நல்ல அறை காலியாக இருக்கிறது. இன்ஜின் ஒரே சீராக முனகும், தாலாட்டு மாதிரி இருக்கும் என்று போனவர்கள் சொல்கிறார்கள். நெஞ்சுவலி வந்தவருக்கு அதுதான் நல்லது. அதோடு 512இல் கட்டில் அறையின் நடுவில் கிடக்கிறது. அன்செல்மோ வலது பக்கம் ஒருக்களித்துச் சுவரைப் பார்த்துத் தூங்குகிறவர், அவருக்குச் சரிப்படாது.

விசிறிக்கு அனுமதி வாங்கித் தர முடியுமா என்று கப்பல் கம்பெனியிலும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். மாட்டேன் என்கிறார்கள். பின்பக்கமே எடு, என் பேச்சைக் கேள்.

நில்சா


உத்துவாதோ,
11 பிப்ரவரி 1999

கொமாத்ரே,

உனக்கு என்னடி ஆயிற்று? இவர் ஒருவர் விசிறிப் பைத்தியம் போதாதென்று நீ வேறு. போன கடிதத்தில் இன்ஜின் பக்கம் போகாதே என்றாய், இந்தக் கடிதத்தில் தாலாட்டு என்கிறாய். டிக்கெட் விற்கிறவர்களை நம்பக்கூடாது என்பது சரிதான் போலிருக்கிறது.

அவர் சுவரைப் பார்த்துத் தூங்குவதை உன்னிடம் எப்போது சொன்னேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமே இல்லை. என் ஓட்டை வாயில் எதுதான் தங்கியிருக்கிறது! கட்டிலை ஓரமாக நகர்த்திக்கொள்வோம். 512தான். வாழ்க்கையில் ஒரு வாரமாவது நான் அமைதியாகத் தூங்க வேண்டாமா?

உன் கொமாத்ரே,
எனெய்டா


கப்பலில், செயின்ட் தாமஸ்,
1 மார்ச் 1999

என் அருமைக் கொமாத்ரே,

உன் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும். இப்படி ஒரு அமைதியை நான் அனுபவித்ததே இல்லை. கதவைச் சாத்தினால் உலகமே இல்லை. என் மூச்சு எனக்குக் கேட்கிறது, அவர் கைக்கடிகாரம் ஓடுவது கேட்கிறது. கட்டில் தரையோடு முடுக்கியிருக்கிறது, நகர்த்த முடியவில்லை. அது ஒன்றுதான் குறை.

அன்செல்மோ மட்டும் நேற்றுக் கண்ணை மூடவில்லை. காற்று வாங்கப் போகிறேன் என்று மேல் தளத்துக்குப் போனவர் பொழுது விடிந்துதான் வந்தார். அறை துடைக்கிற பையனிடம் விசிறி கிடைக்குமா என்று கைஜாடையில் கேட்டிருக்கிறார். அவன் சிரித்துவிட்டுக் கூடுதலாக ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்தான். நாளைக்கு எங்கள் நாள். கேக் வெட்டி, ஒரு கோப்பை ஒயின் ஊற்றிக் கொடுத்து, நானே தட்டித் தூங்க வைக்கப் போகிறேன்.

நொயெலுக்கு இங்கே ஒரு சட்டை வாங்கியிருக்கிறேன். கிளிப்பச்சை. உனக்குப் பிடிக்காது, அவனுக்குப் பிடிக்கும்.

எனெய்டா


மார்த்தினீக் துறைமுகம்,
3 மார்ச் 1999

நில்சா,

மடியில் வைத்துக் கிறுக்குகிறேன். எழுத்து புரியாவிட்டால் திரும்பத் திரும்பப் படி.

நேற்று அவர் தூங்கினார். மூன்று கோப்பை ஒயின், கொஞ்சம் ஆட்டம், படுத்தவுடன் குழந்தை மாதிரி தூங்கிவிட்டார். நான் அந்த அமைதியை ருசித்துக்கொண்டு விழித்திருந்தேன். அப்போது பேச ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் தூக்கத்தில் உளறுவார். ஆணி விலை, பெயின்ட் விலை, கடன் வாங்கினவன் பெயர், எல்லாம் வரும், நான் சிரிப்பேன். வயதாக ஆக அந்தப் பழக்கம் போய்விட்டது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"நில்சா, கதவச் சாத்து. பையன் முழிச்சுக்குவான்."

இவ்வளவு தெளிவாக. கடையில் ஆளைக் கூப்பிடுகிற குரலில். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஏதோ கனவு என்று. கொஞ்ச நேரம் கழித்து, "தூங்குறப்ப அப்படியே எங்கப்பா மூஞ்சி" என்றார்.

அவருடைய அப்பாவின் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அந்த நெற்றி, அந்தக் காது. பதினெட்டு வருடமாக நொயெலை அந்தப் படத்துக்குக் கீழே உட்கார வைத்துத்தான் சோறு போட்டிருக்கிறேன். எனக்குக் கண் இல்லையா நில்சா?

காலையில் சாப்பாட்டு மேசையில் அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நொயெல் யாருடைய பிள்ளை என்று கேட்டேன். கத்தவில்லை, பக்கத்து மேசையில் ஒரு கிழத்தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கத்தியைக் கீழே வைத்தார். இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், சத்தியமாக நம்பியிருப்பேன்.

"விசிறி இல்லாத அறைய ஏன் எடுத்த, எனெய்டா?" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாகத் தலைக்குள் இறங்குகிறது. நீ சொன்ன இன்ஜின் தாலாட்டு. சுவரைப் பார்த்துத் தூங்குகிறவர். வியாழக்கிழமைச் சரக்கு. கப்பல்காரன் என்று ஒருவன் இருந்தானா நில்சா? பெற்ற தகப்பன் ஞானத்தகப்பனாக நிற்கக்கூடாது என்பது கோயில் சட்டம். முழங்கால் வலி என்று பயந்து நடுங்கினவரை நான் கையைப் பிடித்து இழுத்து வந்து சாமியார் முன்னால் நிறுத்தினேன். நீ பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அழுதாய். நன்றியில் அழுகிறாய் என்று நினைத்தேன்.

அறையை மாற்றிக்கொண்டேன். பின்பக்கம், மூன்றாம் தளம், நான் மட்டும். நீ சொன்னது சரி, இன்ஜின் முனகலில் இங்கே வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நொயெலுக்குத் தெரியுமா? அது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

எனெய்டா


சாந்துர்சே,
11 மார்ச் 1999

எனெய்டா,

கொமாத்ரே என்று கூப்பிட எனக்கு இனி வாய் இல்லை.

நொயெலுக்கு நேற்றுவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கப்பல் வந்ததும் அன்செல்மோ கடற்கரைத் தெருவிலிருந்து எனக்கு போன் செய்தார். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதைப் படித்துவிட்டு இனிமேல் முடியாது என்று அவனை உட்கார வைத்துச் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. "மத்ரீனாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனான். நேற்றிலிருந்து என் கையால் சாப்பிடவில்லை.

உனக்கு நியாயம் சொல்ல வரவில்லை. அவனுக்கு நாலு வயதாகும்போதே எங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் வியாழக்கிழமைகளில் அவர் பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தார், கூடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். முதல் கடிதத்தை எழுதியது டிக்கெட் விற்கிறவள். அமைதியான அறை எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிப் பழகின வாய். அதைத் தபாலில் போட்ட பிறகுதான் எனக்கு உயிர் போயிற்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பாதி சொல்லி என்ன பயன்? தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று அவர் செத்துக்கொண்டிருந்தார். விசிறி என் யோசனைதான். நானே கடைக்குப் போய், இருப்பதிலேயே அதிகச் சத்தம் போடுவது எது என்று கேட்டு வாங்கினேன். எனக்குப் பைத்தியம் என்று கடைக்காரர் நினைத்தார்.

உன்னை அவனுக்கு ஞானத்தாயாக வைத்தது மட்டும் ஏமாற்று இல்லை, எனெய்டா. என்னைவிட நல்லவள் ஒருத்தி அவனுக்கு வேண்டும் என்று நினைத்தேன். என் மேல் இருக்கிற கோபத்தில் அவனுக்குக் கதவைச் சாத்திவிடாதே. காலில் விழுகிறேன்.

நில்சா


உத்துவாதோ,
21 மார்ச் 1999

நில்சா,

நொயெல் நேற்று வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி மழையில் நடந்து வந்திருக்கிறான். வாசலில் நின்றுகொண்டு, "மத்ரீனா, உள்ள வரலாமா?" என்று கேட்டான். நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இந்த வீட்டுக்குள் ஓடி வந்தவன் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. கப்பலில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. "சோறு ஆறுது, வந்து உக்காரு" என்றேன். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டான். அந்தப் படத்தைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றான்.

ஈஸ்டருக்கு வழக்கம்போல் இங்கேதான் வருவான். அவனுக்குக் கதவு சாத்துகிறவள் நான் இல்லை. அதை நீ எழுதிக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

அன்செல்மோ கடைக்குப் பின்னால், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்கிறார். நெஞ்சுவலி மாத்திரையை மட்டும் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பினேன். அவரைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. எடுக்க எனக்கு நாளாகும்.

உன்னைப் பற்றி எடுத்துவிட்டேன். உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். நாலு வயதோடு முடிந்தது என்பதை நம்புகிறேன். வயசுக் கோளாறு என்று ஒருநாள் மறந்தும்போவேன். ஆனால் நீ கடைக்குப் போனதை என்னால் தாண்ட முடியவில்லை. அந்த மனுஷன் என்னிடம் சொன்னதெல்லாம் தூக்கத்தில் சொன்னது. நீ நல்ல விழிப்போடு, பட்டப்பகலில், எது அதிகமாகச் சத்தம் போடும் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிக் கேட்டு, என் தலைமாட்டுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாய். நான் உன்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னேன்.

விசிறியை நொயெலிடம் கொடுத்தனுப்பவில்லை. அந்தச் சுமை அவனுக்கு எதற்கு? ஆஸ்பத்திரித் தெருவில் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டேன். ராத்திரியில் இப்போது கொக்கீ மட்டும்தான் கேட்கிறது. கம்பளி ஒன்று போதுமாயிருக்கிறது.

டெலிபோன் கம்பத்தை நட்டுவிட்டார்கள். நீ கூப்பிட வேண்டாம்.

நொயெலின் மத்ரீனா,
எனெய்டா