தேதி மாற்றிய வளையங்கள்

பிப்ரவரி 3, திங்கள்

பைக் பங்க்சர். திருமழிசை போய்ச் சேர அரை மணி தாமதம். முதலாளி ரவிச்சந்திரன் கண்ணில் படாமல் பின்பக்கமாக, பேக்கிங் அறை வழியாக நுழைந்தேன். பூங்காவனம் அக்கா தலைமுடி காயவைக்கிற மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாக்கெட்டுக்குச் சூடு காட்டுவது, லேபிளை உரிப்பது, புது லேபிள் ஒட்டுவது. உரித்ததில் தயாரிப்பு வருஷம் 2012 என்று இருந்தது. ஒட்டியதில் 2024.

“என்னக்கா இது?”

“மொதலாளி சொன்னாரு தம்பி. தேதிதான மாறுது, உள்ள அதே வளையந்தான கீது.”

அதே வளையம்தான். அதுதானே அக்கா பிரச்சினையே!

கப்பலில் தீயணைப்புப் பம்புக்குப் போடுகிற ரப்பர் வளையம் அது. முந்நூற்று நாற்பது பாக்கெட், மூன்று பெட்டி.

பிப்ரவரி 4

கேட்டேன். ரவிச்சந்திரன் ஒரு வளையத்தை எடுத்து இழுத்துக் காட்டினார்.

“பாருங்க ரிச்சர்டு, அறுந்துச்சா? நல்லாத்தான கீது. மூடுன கம்பெனில எடுத்த சரக்கு. பதிமூணாம் தேதி நேவி சோதனை அதிகாரி வர்றாரு. சர்டிபிகேட்ல நீங்க ஒரு கையெழுத்து போடுங்க, அவ்ளோதான்.”

மாட்டேன் என்றேன்.

“நேவிக்காரன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு கீது. பின்ன இன்னாத்துக்குய்யா உன்ன வேலைக்கு வச்சேன்?”

எட்டு மாதமாக என் வேலையைப் பார்த்து மரியாதை தருகிறார் என்று நினைத்திருந்தேன். முட்டாள் நான்.

பிப்ரவரி 5

கோபம் அடங்கவில்லை. எழுதினால் அடங்குமா பார்க்கலாம்.

பதினைந்து வருஷம் நேவியில், கப்பல் ஸ்டோரில் இருந்தேன். துறைமுகத்தை விட்டால் கடை கிடையாது. உருளைக்கிழங்கிலிருந்து எஞ்சின் போல்ட் வரை, எத்தனை நாள், எத்தனை பேர் என்று யோசித்து முன்னாலேயே ஏற்றியாக வேண்டும். எங்களிடம் பதினோராயிரம் வகைப் பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு தட்டு. அலையில் சரியாமல் இருக்கத் தட்டுகளுக்குக் குறுக்கே கம்பி. எஞ்சின் அறை ஆள் சீட்டு கொண்டுவருவான். நான் இரும்பு ஏணியில் இறங்கி, எண் பார்த்து, தேதி பார்த்து எடுத்துக் கொடுப்பேன். பாக்கெட்டைப் பிரித்துச் சோதிக்க எனக்கு என்ன இருக்கிறது? தேதிதான் இருக்கிறது. ரப்பர் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே இறுகிப்போயிருக்கும்.

2019இல் சமையலறையில் தீ. கரையிலிருந்து நான்கு நாள் தூரத்தில் இருந்தோம். பம்பைப் போட்டார்கள். வளையம் வெடித்துப் பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சியது, குழாயில் வேகமே இல்லை. இன்னொரு பம்ப் ஓடுவதற்கு ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்தில் என் நண்பன் கிருபாகரனின் வலது கை வெந்துபோனது.

தீப்பிடிப்பதற்கு மூன்று வாரம் முன்னால் அந்த வளையத்தை எடுத்துக் கொடுத்தது நான். விசாரணையில் தேதி கேட்டார்கள். தேதி சரியாகவே இருந்தது. அப்படியானால் சூட்டுக்குழாய்ப் பக்கம் வைத்துக் கெடுத்துவிட்டேனோ? நான்தானோ? ஆறு வருஷமாக இதே கேள்வி.

இப்போது அந்த ஹேர் டிரையர் சத்தம் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 6

2019ல வெடிச்ச வளையத்தோட பழைய லேபிள எவன்டா உரிச்சான்? எந்த ஊர்ல, எந்த மேசைல உக்காந்து உரிச்சான்?

பிப்ரவரி 7

மனைவி ஸ்வீட்லினிடம் சொன்னேன். பள்ளிக்கூட விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள். “நீ போடலன்னா வேற யாராவது கையெழுத்து போடுவாங்க. உனக்கு வேலை போகும். வேற என்ன மாறிடும்?”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கத்தினேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அவள் கத்தவில்லை. “உன் கோவம் என் மேல இல்ல, அந்த முதலாளி மேல மட்டும் கூட இல்ல. கிருபாவப் போய்ப் பாரேன். திருமுல்லைவாயில் என்ன தூரமா?”

பஸ்ஸில் கால் மணி நேரம். ஆறு வருஷமாகப் போகவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராகக் கிருபா வீட்டுக்குப் போனேன். நான்காவது மாடி. கதவைத் திறந்தவன் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் கொட்டினேன். லேபிள், 2012, முந்நூற்று நாற்பது.

கேட்டு முடித்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

“அப்ப உன் மேல தப்பு இல்லன்னு சொல்ல வந்திருக்க.”

“இல்லடா...”

“உன் மேல தப்புன்னு நான் எப்பவாவது சொன்னேனா? ஆஸ்பத்திரில மூணு மாசம் கெடந்தேன். கப்பல்ல பாதிப் பேர் வந்து பாத்தாங்க. ஒரே மெஸ்ல சாப்பிட்டவன் நீ வரல. உனக்கு மனசாட்சி குத்துச்சாம், அதனால வரலியாம். எரிஞ்சது என் கைடா!”

எனக்கும் கோபம் வந்தது. அவன் மேல் வர என்ன நியாயம்? ஆனாலும் வந்தது. படியிறங்கத் திரும்பினேன்.

“கையெழுத்து போடப்போறியா?” என்றான் பின்னாலிருந்து.

“மாட்டேன்.”

“போடாம வீட்டுல உக்காந்துக்குவ. முந்நூத்தி நாப்பதும் கப்பலுக்குப் போயிடும். மறுபடியும் ஓடத்தான போற?”

கதவைச் சாத்திவிட்டான்.

பிப்ரவரி 12

நாளை ராஜினாமா செய்துவிட்டுப் போகலாம் என்று கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். நாளைக்கு நான் அங்கே இருக்க வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

சோதனை அதிகாரி வந்தார். இளவயது. காபி, முந்திரி, பூச்செண்டு. ரவிச்சந்திரன் சர்டிபிகேட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் எழுந்து நின்றேன்.

“சார், இந்தப் பாக்கெட்ல இருக்கிற தேதி பொய். உள்ள பழைய ரப்பர், தீப்பிடிச்சா பம்ப்ல தண்ணி வராது.”

ரவிச்சந்திரன் பதறாமல் சிரித்தார். “சம்பள உயர்வு கேட்டாரு, குடுக்கல. அந்த காண்டுல பேசறாரு சார்.”

எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்! ஆதாரம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். என்னிடம் இல்லை. இத்தனை நாள் கொதித்தேனே, ஒரு லேபிளை எடுத்துவைக்கத் தோன்றவில்லையே! அவர் பேனாவை மூடப்போனார்.

கதவருகே நின்ற பூங்காவனம் அக்கா வாயைத் திறந்தார்.

“சார், என் மேசைக்கு அடில குனிஞ்சி பாருங்க.”

“நீ சும்மா இரு!” என்றார் ரவிச்சந்திரன்.

“இன்னாத்துக்கு இருக்கணும்? தேதி மாத்துனா இன்னா ஆவும்னு எனக்கு யாராச்சும் சொன்னீங்களா? தீப்பிடிச்சா தண்ணி வராதுன்னு இப்பத்தான் இந்தத் தம்பி சொல்லிச்சி.”

அதிகாரி பேக்கிங் அறைக்குப் போய்க் குனிந்தார். உரித்த லேபிளைக் கையிலிருந்து விடுவிக்க, அக்கா உட்கார்ந்த இடத்திலேயே மேசையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறார். வரிசை வரிசையாக 2012.

மூன்று பெட்டிகளையும் முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள்.

பிப்ரவரி 14

எனக்கும் அக்காவுக்கும் இன்றிலிருந்து வேலையில்லை. வாட்ச்மேன் கேட்டிலேயே சொல்லிவிட்டான். பஸ் ஸ்டாப் வரை அக்காவோடு நடந்தேன்.

பஸ் வரும்போது கேட்டார்: “நீ எங்கனா போயி பொழச்சிப்ப. அம்பத்திரெண்டு வயசுல என்ன எவன் சேத்துப்பான்?”

தப்பு செய்தவனுக்குக் கார் இருக்கிறது. உண்மை சொன்னவள் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாள். எரிகிறது.

பிப்ரவரி 24

இரண்டு இன்டர்வியூ. “பழைய முதலாளிகிட்ட ஏன் பிரச்சினை?” என்று இருவரும் கேட்டார்கள். அக்காவுக்கு ஸ்வீட்லின் தன் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பேசியிருக்கிறாள். ஜூனில்தான் சேரலாமாம். அதுவரை?

அந்த நிறுவனத்தின் சப்ளையை நிறுத்திவிட்டார்களாம். முன்பு அனுப்பியவற்றையும் கப்பல்களில் தேடச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டோரில் எவனாவது ஏணியில் இறங்கி எண் பார்த்துக்கொண்டிருப்பான்.

மார்ச் 2, ஞாயிறு

மத்தியானம் மேனாம்பேடு வீட்டு வாசலில் கிருபா. போன்கூடச் செய்யவில்லை. பெட்டிகள் பிடிபட்டது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. ஸ்வீட்லின் முன்னாலேயே மூன்று தட்டு எடுத்துவைத்திருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். சங்கரா மீன் குழம்பு. இடது கையால் ஸ்பூன் பிடித்து மீனைக் குத்திப் பார்த்தான், முடியவில்லை. தட்டை என் பக்கம் தள்ளினான்.

“முள்ள எடுத்துக் குடு. ஒண்ணுகூட இருக்கக் கூடாது.”

எடுத்தேன். வெகு நேரம் ஆனது. அவன் காத்திருந்தான்.