காலித் தூக்குச்சட்டியும் நாற்பது நிமிட நடையும்

தை 16, வெள்ளி
பனி. எதிர்வீடு தெரியவில்லை. ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னபடி இந்த நோட்டு. தினமும் எத்தனை நிமிடம் நடந்தேன் என்று எழுதணும். நாற்பது நடக்கணுமாம். மாத்திரை கா. 1, இரவு 1. ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம். குறையாவிட்டால் ஊசி.

ஆலைக்குக் கரும்பு போடுகிற வீட்டில் எனக்குச் சர்க்கரை. முதலில் சிரிப்புதான் வந்தது. அம்மாவுக்கும் இதேதான். ஒரு காலையே எடுத்தார்கள், ஐம்பத்தாறில் போய்விட்டாள். மாசி பிறந்தால் எனக்கும் ஐம்பத்தாறு.

இவரிடம் சொல்லவில்லை. கரும்பு வெட்ட ஆலை உத்தரவு வந்தும் ஆள் கிடைக்காமல் விடியுமுன்னே அலைகிறார். வெட்டு முடியட்டும்.

தை 17, சனி
கா. 6.05 கிளம்பினேன். 6.12க்குப் பால்காரன் முருகேசன் வண்டியை நிறுத்திவிட்டான். "எங்கக்கா போற? ஏறு." சும்மா நடக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறிவிட்டேன். மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் இறங்கித் திரும்பினால் கரும்பு டிராக்டர் நிற்கிறது. அதிலும் ஏறினேன். வேண்டாமென்றால் அவர்கள் மூஞ்சி சுண்டிப்போகும்.

வாசலில் பக்கத்து வீட்டுச் செல்வி. "இன்னாக்கா, காலங்காத்தால ரவுண்டு? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" வேண்டுதல் என்றேன். சாமி மன்னிக்கணும். நடை 7 நிமி.

தை 19, திங்கள்
நேற்று முழுக்க யோசித்துக் கண்டுபிடித்தேன். தூக்குச்சட்டி! காலியாகத்தான். கையில் தொங்கினால் கழனிக்குச் சோறு போகிறது என்று நினைப்பார்கள். எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனால் முருகேசன் விடுவானா. "சோறு ஆறிடும், ஏறுக்கா."

போகும்போது வண்டி, வரும்போது முழுக்க நடை. 26 நிமி. முட்டி வலி, உள்ளே ஒரே கும்மாளம். பனி விலகி மேற்கே மலை முழுசாகத் தெரிந்தது. முப்பது வருஷமாகப் போகிற ரோடு. வேலை இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

வாங்க: கேழ்வரகு மாவு, ஊக்கு, செருப்பு (வார் வைத்தது).

தை 22, வியாழன்
ரேஷன் கடை வரிசை. பேச்சு வியாதி பக்கம் போனது. செல்வி: "பேரன் பேத்தி பாத்தாச்சி. இனிமே ஒடம்பக் காப்பாத்திக்கினு இன்னா பண்ணப் போறோம்? கை காலு நல்லா இருக்கறப்பவே போயிட்டா போதும்." எல்லாரும் ஆமாம் ஆமாம். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து என் மேலேயே கோபம். எனக்குப் போக வேண்டாம். இருக்கணும். நன்றாக இருக்கணும். சொன்னால் கிழவிக்கு ஆசையைப் பார் என்பார்கள். நடை 31.

தை 24, சனி
மாட்டிக்கொண்டேன். இன்று வெட்டு ஆரம்பம், ஆட்களோடு இவர் கழனியில். வாய்க்கால் மதகோடு திரும்பிவிடலாம் என்றிருந்தேன். முருகேசன் கொண்டுபோய்க் கழனி வரப்பிலேயே இறக்கிவிட்டான். "அண்ணனுக்கு சோறு வந்துடிச்சி" என்று குரல் வேறு.

இவர் ஓடி வந்து தூக்கை வாங்கினார். "நல்ல வேள, பசி கண்ண இருட்டுது." திறந்தார். ஒன்றுமில்லை. "இன்னா இது?"

வெட்டு ஆட்கள் எல்லாரும் கொடுவாளை நிறுத்திப் பார்க்கிறார்கள். கொட்டிவிட்டேன். "எனக்கு சக்கரைங்க. நடக்கச் சொல்லிக்கிறாங்க. எங்கம்மா மாதிரி போவ மாட்டேன். இன்னும் இருவது வருசம் நான் இருக்கணும்." கத்தித்தான் சொன்னேன் போல.

வெட்டுக்கார அம்மா ஒருத்தி, "கேக்கறதும் கேக்கற, முப்பதா கேளேம்மா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. மூடியைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுக் கரும்புக்குள் போய்விட்டார்.

ராத்திரியும் பேச்சில்லை. கோபமா, பயமா, தெரியவில்லை. எனக்கோ மனசு பஞ்சு மாதிரி. சொல்லியாச்சு.

தை 25, ஞாயிறு
பனி இல்லை. நான் எழுந்தபோது இவர் வண்டியும் இல்லை, இவரும் இல்லை. தூக்கை எடுக்கவில்லை. கையை வீசிக்கொண்டு கிளம்பினேன். கா. 6.00.

முருகேசன் வழக்கம்போல் வந்து காலை ஊன்றினான். சும்மா நடக்கிறேன் என்று சொல்ல இன்று வாய் தயார். அவன் முந்திக்கொண்டான். "ஏத்த மாட்டேங்க்கா. நீ நட. அண்ணன் டீக்கடையில ஒக்காந்துகினு வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காரு."

"இன்னான்னு?"

"'எம் பொண்டாட்டிய எவனும் வண்டியில ஏத்தாதீங்கடா. அவ இன்னும் இருவது வருசம் எங்கூட இருக்கணும்'னு."

போய்விட்டான். நடை 44 நிமி. கரும்பு டிராக்டர் மூன்று போனது. ஒன்றும் நிற்கவில்லை.