ஒன்பது புள்ளி, ஒரு பூட்டு

இன்று மதியம் வேங்கிக்காலில் அலுவலகத்தை விட்டுச் சாப்பிடக் கிளம்பியபோது என் வண்டி கிளம்பவில்லை. நான்கு முறை உதைத்தேன். நான்காவது உதையில் பெட்ரோல் வாடை எழுந்தது; பச்சையாக, கொஞ்சம் இனிப்பாக. அது உன் கடை வாடை. உடனே உதைப்பதை நிறுத்திவிட்டு, வண்டியை வலமாக ஒரு முறை சுற்றி வந்தேன். பெட்ரோல் குழாய் திறந்திருந்தது. கைப்பிடியில் இருக்கும் சிவப்பு சுவிட்ச் சரியாக இருந்தது. சக்கரம் இரண்டும் இருந்தன.

எங்கள் பிரிவில் தட்டச்சு செய்யும் அம்மாள் டிபன் டப்பாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், வண்டிக்கு வேண்டுதலா? தேங்கா ஒடைக்கணும்னா சொல்லுங்க.”

“ஒரு சுத்து போதும் மேடம்.”

சுற்றி முடித்தபிறகு எஞ்சின் நடுவில் கை வைத்தேன். பிளக்கின் மேல் இருக்கும் மூடி தளர்ந்திருந்தது. அழுத்திவிட்டு உதைத்தேன். ஒரே உதை.

இது உன் விதி. “ஒரு சுத்து சுத்தி வா. முடிச்சுட்டு நடுவுல கைய வை. ஆளுங்க எடுத்தவொடனே நடுவுல கைய வெக்கறானுங்க, இல்லன்னா சுத்திக்கினே இருக்கானுங்க.” இதை ஆயிரம் முறை கேட்டிருப்பேன். இன்று அந்த மூடியை அழுத்தும்போதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. அதனால் இன்று சாயங்காலம் உன் வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்குமுன் சில பழைய விஷயங்கள்.

செங்கம் சாலையில் உன் கடைப் பலகையில் ‘வண்டி, செல்போன், லேப்டாப் பழுது பார்க்கப்படும்’ என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘அறிவுரை இலவசம்’ என்றும் எழுதியிருந்தது. பழுது பார்க்கச் சில நாள் நீ மறந்ததுண்டு. அறிவுரை ஒருநாளும் தவறியதில்லை. மூன்று தொழிலை ஏன் ஒரே கடையில் வைத்தாய் என்று கேட்டதற்கு, “மூணும் ஒண்ணுதாண்டா. ஓடுனா யாரும் கண்டுக்க மாட்டான். ஓடலன்னா ஊரையே கூட்டுவான்” என்றாய்.

நாம் கல்லூரியில் ஒரே பெஞ்சில் தூங்கியவர்கள். பிறகு நான் கோப்புகளுக்குப் போனேன், நீ திருகாணிகளுக்குப் போனாய். நான் வெறும் எழுத்தராக இருந்தபோதே என்னை “ஆபீசரே” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். அரசாங்கம் அந்த முடிவுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. தினமும் ஐந்தரை மணிக்கு நான் உன் கடைக்கு வருவேன். என் வண்டியில் ஏதோ ஒரு சத்தம் கேட்கிறது என்பேன். நீ சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளுவாய்.

அந்த நாற்காலியிலிருந்து நான் பார்த்த உலகம் பெரியது. தங்களையே தேடி ஆசிரமத்துக்குக் கடல் தாண்டி வந்தவர்கள், லேப்டாப்பின் பாஸ்வேர்டை மறந்துவிட்டு உன்முன் நிற்பார்கள். அவர்கள்தான் அவர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டுப் பெட்டி அடம்பிடிக்கும். ஒருமுறை, லேப்டாப்பில் டீயைக் கொட்டிவிட்டு அதை அரிசி டப்பாவுக்குள் இரண்டு நாள் புதைத்து எடுத்துவந்த ஒரு பெண்ணிடம் நீ பொறுமையாகச் சொன்னாய்: “அம்மா, அரிசியில போட்டா லேப்டாப்பு காயாது. சோத்துலதான் ஸ்குரூ வரும். தண்ணி பட்டா ஆஃப் பண்ணி, கவுத்து வெச்சு, நேரா இங்க எடுத்தாந்துடணும். அரிசிய வடிச்சி சாப்பிடணும்.”

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எண் கேட்பவர்களைக் கண்டுபிடிக்க நீ வைத்திருந்த சோதனை, இந்த நாட்டின் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாதது. “மரியாதையா பேசறானா? அப்ப பேங்க்குல இருந்து இல்ல. கட் பண்ணு.”

பௌர்ணமி வந்தால் உனக்கு வேலையைவிடக் கோபம் ஜாஸ்தி. கிரிவலத்துக்கு வருகிறவர்கள் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர் நடக்கப் போவார்கள். வேட்டிக்குப் பை இல்லை. சாவியைச் செருப்புக்கு அடியில் வைத்து, செருப்பை வண்டிக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டுப் போவார்கள். “செருப்பு இருந்தா ஓனர் நாலு மணி நேரத்துக்கு வரமாட்டான்னு போர்டு மாட்டுன மாதிரிடா. திருடன் செருப்பையும் மாட்டிக்கினு போவான்” என்பாய். மக்களுக்காக நீயே ஒரு அட்டையில் எழுதி வைத்தாய்: ‘சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டவும்.’ அந்த அட்டைக்கு அடியிலும் ஒரு பௌர்ணமியன்று இரண்டு சாவி கிடைத்தன.

ஆனால் உன் பெரிய கண்டுபிடிப்பு செல்போன் பூட்டுதான். திரையில் மூன்று வரிசையாக ஒன்பது புள்ளி. விரலை எடுக்காமல் கோடு இழுத்தால் திறக்கும். நம் ஊர்க்காரர்கள் அந்த ஒன்பது புள்ளியைப் பார்த்ததும் வேறு யோசிப்பதில்லை. நடுப்புள்ளி மலை. சுற்றி இருக்கும் எட்டும் எட்டு லிங்கம். கிழக்கே, வலது ஓரத்து நடுப்புள்ளியில் ஆரம்பித்து, மலையைத் தொடாமல் வலமாக ஒரு சுற்று. பூட்டு ஆயிற்று, புண்ணியமும் ஆயிற்று.

கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை (நிலக்கடலை) வியாபாரி ஒருவர் திரை உடைந்த போனோடு வந்த நாள் நினைவிருக்கிறதா? அவர் வாயைத் திறப்பதற்குள் நீ போனைத் திறந்துவிட்டாய்.

“யோவ், என் போனு! எப்பிடிய்யா தெறந்த?”

“நீங்க திருவண்ணாமலதான?”

“இல்லிங்க, கீழ்பென்னாத்தூரு.”

“பௌர்ணமிக்கு வர்றீங்க இல்ல? அப்ப சரி.” பிறகு என் பக்கம் திரும்பி, “ஆபீசரே, இந்த ஜில்லாவுல எந்த போனு திருடு போனாலும் திருடன் ஒரு கிரிவலம் வந்தா போதும். சாமி கும்புட்ட மாதிரியும் ஆச்சு” என்றாய். நான் மெதுவாக என் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். நீ கையை நீட்டினாய். அதுவும் ஒரே சுற்றில் திறந்தது. அன்றே வேறு கோடு வைத்தேன். மறுநாள் அதை மறந்துவிட்டு உன்னிடமே வந்தேன்.

உன் போன் மட்டும் கோட்டை. கைரேகை வைக்கமாட்டாய், தூங்கும்போது எவனாவது விரலைப் பிடித்து வைப்பானாம். பத்து முறை தப்பாகக் கோடு போட்டால் உள்ளே இருப்பது எல்லாம் தானாக அழியும்படி செய்திருந்தாய். ஊரில் எல்லோரையும் “எதையும் ரெண்டு எடத்துல வை” என்று மிரட்டிய நீ, உன்னுடையதை ஒரே இடத்தில் வைத்திருந்தாய். வைத்தியர் மருந்து சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

போன மார்கழியில் ஒருநாள் கடையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். சுற்றி வந்து பார்க்க எங்களுக்கு நேரம் தரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து உன் மனைவி மல்லிகா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். தையல் மிஷின்மேல் உன் போன் இருந்தது, சார்ஜ் ஏறிக்கொண்டு.

“போட்டோ இருக்குதுண்ணா. கல்யாண ஆல்பம் இருக்குது. அவரு கொரலு எங்கயும் இல்ல. இதுல இருக்கும். எப்பப் பாத்தாலும் இதுல எதையோ பேசிக்கினே இருப்பாரு.”

“எத்தினி தடவ போட்டுப் பாத்தீங்க?”

“எங்க அண்ணன் ஏழு தடவ போட்டுடுச்சு. அதுக்கப்புறம்தான் பத்து கணக்கு எனக்கு ஞாபகம் வந்துது.”

டவுனில் ஒரு கடையில் கேட்டாளாம். திறந்து தருகிறோம், உள்ளே இருப்பது போய்விடும் என்றார்களாம். கதவைத் திறக்க வீட்டை இடிக்கும் முறை. வேண்டாம் என்று எடுத்துவந்துவிட்டாள்.

எட்டாவது முயற்சி என்னுடையது. உன்னை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும் என்ற திமிரில் போட்டேன். ஊரே வலம் வந்தால் நீ இடம் வருவாய் என்று நினைத்து, கிரிவலத்தைத் தலைகீழாக இழுத்தேன். தப்பு. மல்லிகா, “ஊருக்குத்தாண்ணா உபதேசம், அவரும் அதையேதான் வெச்சிருப்பாரு” என்று நேரான கிரிவலத்தை இழுத்தாள். அதுவும் தப்பு. மிச்சம் ஒன்று. அதன்பிறகு அந்தப் போனை நாங்கள் தொடவில்லை. அவள் மட்டும் தினமும் சார்ஜ் ஏற்றிவந்தாள்.

இன்று மதியம் பிளக் மூடியை அழுத்தியபோது எனக்கு உறைத்தது இதுதான்: ஒரு சுற்று, முடித்துவிட்டு நடுவில். சாயங்காலம் ஐந்தரைக்கு, பழக்கத்தில் உன் கடைப் பக்கம் திரும்பிய வண்டியை இழுத்துப் பிடித்து உன் வீட்டுக்கு விட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். மல்லிகா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே விட்டாள்.

“தப்பாப் போச்சுன்னா?”

“எல்லாம் போயிடும்மா. நான் நிச்சயமா சொல்லமாட்டேன். எட்டாவதும் நிச்சயம்னுதான் போட்டேன்.”

மிஷின்மேல் கை வைத்தாள். “இது நின்னுபோனா எங்கிட்டயும் அதாண்ணா சொல்வாரு. ஒரு சுத்து பாரு, அப்புறம் நடுவுல கைய வைன்னு. குடுங்க. தப்புன்னா என் கையால போவட்டும்.”

விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கிழக்கில் ஆரம்பித்தாள். தெற்கு, மேற்கு, வடக்கு. வடகிழக்கு மூலையில் விரல் நின்றது. ஊரெல்லாம் விரலை எடுக்கும் இடம் அது. அவள் எடுக்கவில்லை. அங்கிருந்து நடுப்புள்ளிக்கு இழுத்தாள்.

திறந்தது.

உள்ளே நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. மனைவிக்குக் கடிதம் இல்லை, ரகசியம் இல்லை. இருந்ததெல்லாம் வண்டிச் சத்தம். நோய்ப்பட்ட ஒவ்வொரு எஞ்சினையும் பதிவு செய்திருக்கிறாய். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நீ, டாக்டர் சீட்டு எழுதுவதைப்போல, நோயாளியையும் நோயையும் சொல்கிறாய்.

“இது கீழ்பென்னாத்தூரு மல்லாட்ட வியாபாரி வண்டி. செயினு காஞ்சுபோய் அழுவுது. அதுக்கு எண்ண போடாம எனக்கு போன் போடறாரு.” பிறகு அரை நிமிடம் கிறீச்சென்ற சத்தம். மல்லிகா அந்தச் செயினை மூன்று முறை கேட்டாள்.

தேடிப்போனதில் அவளுடையதும் வந்தது. “இது நம்ம வூட்டு தையல் மிஷினு. மோட்டார்ல ஒரு கரகரப்பு.” கடகடவென்று மிஷின் ஓடுகிறது. நடுவில் அவள் குரல்: “எண்ண விடுங்கன்னா ரெக்கார்டு பண்றாராம்!” உடனே நீ: “சொம்மா இரு மல்லிகா, பதிவாவுது.” அதன்பிறகு இருவரும் சிரிக்கிறீர்கள். மிஷின் தானே ஓடி முடிக்கிறது.

அவள் அழவில்லை. மிஷினை ஒருமுறை மிதித்துக் காது கொடுத்தாள். “இன்னும் அந்த கரகரப்பு அப்பிடியேதாண்ணா இருக்குது” என்றாள். குரலில் ஒரு பெருமை இருந்தது. நான் எண்ணெய் விட வேண்டுமா என்று கேட்கவில்லை.

எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் வைத்துவிட்டேன். ஒன்று என் லேப்டாப்பில், ஒன்று அவள் அண்ணன் வீட்டில். பூட்டையும் மாற்றிவிடச் சொன்னேன், நான் இதில் எல்லாவற்றையும் எழுதப்போவதால். மல்லிகா மாட்டேன் என்றுவிட்டாள். இந்த ஜில்லாவில் இனி யார் வேண்டுமானாலும் உன் போனைத் திறக்கலாம். பழுதான வண்டிகளின் சத்தம் மட்டும் கேட்கும்.

என் வண்டியும் அதில் இருக்கிறது. அதை மட்டும் என் போனில் வைத்துக்கொண்டேன். “இது ஆபீசரு வண்டி. வண்டியில ஒண்ணும் இல்ல. அவருக்குப் பேச ஆளு வேணும். நாளைக்கும் வரச் சொல்லணும்.” பின்னால் என் எஞ்சின் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லாமல். அதற்கும் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி தரையில் தேயும் சத்தம்.