நின்ற நேரத்துக்குக் கட்டம் இல்லை

ஜூன் 2, திங்கள்

விடிவதற்கு முன்பே மழை. பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வேறு. கிள்ளிப்பாலம் சிக்னலில் பஸ் இருபது நிமிடம் அசையவில்லை.

இவர் வழக்கம்போல் ஆறே முக்காலுக்கு வாசலில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து விட்டுவிட்டு உள்ளே வந்து காபி குடித்தார். ரிட்டயர் ஆகி இரண்டு வருடம். போகிற இடம் கோயில் ஒன்றுதான். நடந்தால் நாலு நிமிடம். மழை ஈரத்தில் புகை மேலே ஏறாமல் நேராகக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. இட்லியில் பெட்ரோல் வாடை.

"அணைச்சுட்டு வந்து குடிக்கப்படாதா?"

"இன்ஜின் சூடாகணும்டி. பழைய வண்டி. நோக்கு என்ன தெரியும்?"

எனக்கு என்ன தெரியும்! ஆபீஸில் ஏழு வருடமாக வண்டி ஃபைலைக் கட்டிக்கொண்டு அழுகிறவள். இட்லியைத் தட்டோடு வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வியாழக்கிழமை சுற்றுச்சூழல் தினம். பெரிய சாருக்கு எரிபொருள் சேமிப்பு உறுதிமொழி வேண்டுமாம். எழுத வேண்டியது நான். மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஆபீஸில் நானும் டிரைவர் செல்வராஜும் மட்டும். இரண்டு பேருக்கு ஒரு பிரதி, அரசாங்கம் தாராளம்.

வாங்க: தேங்காய் 2, சின்ன உள்ளி, பேஸ்ட், குடைக்குக் கம்பி.

ஜூன் 3, செவ்வாய்

மழை விட்டு விட்டு. உறுதிமொழி தயார்.

சிக்னலில் நிற்கும்போது இன்ஜினை அணைப்பேன்.
வாரம் ஒரு முறை டயரில் காற்று பார்ப்பேன்.
ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துவேன்.
டிக்கியில் வேண்டாத சுமை ஏற்ற மாட்டேன்.
நடக்கிற தூரத்துக்கு வண்டி எடுக்க மாட்டேன்.

புத்தகம் பார்த்து எழுதியதல்ல. செல்வராஜைப் பார்த்து எழுதியது. பாறசாலைக்காரர், ஆபீஸ் ஆபீஸாகப் பதினொரு வருடம் தற்காலிக டிரைவர். வாரம் தவறாமல் காற்று. பிரேக் மிதிப்பதையே பாவம் போல நினைப்பவர். ஒரு நாள் கேட்டதற்கு, "தூரத்துல செவப்பு கண்டா காலை எடுத்திருவேன் மேடம். வண்டி தானா போவும். பின்ன எதுக்கு பிரேக்குக்கு தீனி போடணும்?" என்றார்.

மூன்று மணிக்குப் பெரிய சார் கூப்பிட்டார். போன வாரம் ஒர்க்‌ஷாப்பில் மைலேஜ் டெஸ்ட். லிட்டருக்குப் பதினைந்து. லாக் புக்கில் கணக்குப் போட்டால் ஒன்பது.

"பாக்கி டீசல் எவிடெப் போயி மேடம்? அவன் ஊற்றுந்நுண்டு."

செல்வராஜ் டாங்கிலிருந்து ஊற்றி எடுத்து விற்கிறாராம். செல்வராஜுக்கு மெமோ கொடுக்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் ஒப்பந்தம் முடிகிற பதினைந்தாம் தேதிக்கு மேல் வேலை இல்லை. மெமோவை எழுத வேண்டியதும் நான்தான். உறுதிமொழி எழுதிய அதே பேனா.

டீசல் எங்கே போகிறது என்று இந்த ஆபீஸில் தெரியாதவர் யார்? கல்யாண மண்டப வாசலில், கிளப் வாசலில், சாருடைய பெண் டான்ஸ் கற்கிற வீட்டு வாசலில், ஏசி போட்டபடி மணிக்கணக்காக நிற்கிற வண்டியில் போகிறது. "செல்வராஜே, ஓஃப் ஆக்கேண்டா, ஏசி கிடக்கட்டே" என்று சார் அணைக்க விடாமல் தடுத்ததை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். லாக் புக்கில் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர், கையெழுத்து, எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. நின்ற நேரத்துக்குக் கட்டம் இல்லை.

இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். "சரி சார்" என்றேன். என் புரமோஷன் ஃபைல் அவர் மேஜையில் இடது பக்கம் மூன்றாவதாக இருந்தது. சீ.

ஜூன் 4, புதன்

மெமோ கொடுத்தாயிற்று. செல்வராஜ் நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"பதினோரு வருசமா ஒரு சொட்டு எடுத்தவனில்ல மேடம். கர்த்தருக்க முன்னால சொல்லுகேன்."

"பதில்ல அதை எழுதுங்கோ."

"பின்ன டீசல் எங்க போச்சுன்னு கேப்பாருல்லா? சார் வண்டிய அணைக்க விடல்லன்னு நான் எப்பிடி எழுதுவேன்?"

ஃபைலைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

குடைக்கம்பி கிடைக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

கூத்து. பதினொரு கார் ஊர்வலம், எதற்கென்றால் எரிபொருள் சேமிக்க. மரக்கன்று நான்கு. நட்டு வைத்த மாதிரி போட்டோ எடுத்துவிட்டு அதே சட்டியோடு திரும்ப வராந்தாவில்.

கொடி அசைக்க வருகிறவர் வரவில்லை. இருபத்தைந்து நிமிடம். பதினொரு காரும் கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, உறுமிக்கொண்டு. மழையில் புகை காலடியிலேயே சுற்றியது. வராந்தாவில் பெண்கள் எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். பெரிய சார் மைக்கில் என் உறுதிமொழியை வாசித்தார். "சிக்னலில் நிற்கும்போது" என்கிற இடத்தில் குரலை நன்றாக ஏற்றினார்.

அணைத்து நின்ற ஒரே வண்டி செல்வராஜுடையது. வெளியே நனைந்துகொண்டு, தமிழ்ப் பிரதியை வைத்து, கூடவே உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். மெமோ வாங்கின மனுஷன். பியூன் ஓடிப்போய், சார் ஏறப் போகிறார், ஏசி போடு என்றான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே ஏறிப் போட்டார்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். வாடை போகவில்லை.

ஜூன் 9, திங்கள்

வெயில், புழுக்கம். செல்வராஜ் மத்தியானம் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். நீல அட்டை, மூலை கிழிந்தது.

"முன்ன ஒரு ஆபீஸில இதே பேரு வாங்கினேன் மேடம். அதுக்குப் பொறவு வண்டி நின்னா நேரம் குறிச்சி வைப்பேன். எனக்க மனச்சாட்சிக்கு. காட்டணும்னு நெனச்சதில்ல."

தேதி, இடம், யார், ஏசியோடு எத்தனை நிமிடம். இரண்டு வருடம். ஒரு அடித்தல் இல்லை. இதை மெமோவின் பதிலோடு சேர்த்தால் போதும். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் எங்கே போனது என்பதற்கு நிமிடத்தோடு பதில்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார். "மேடத்துக்க பேரும் ஒரு எடத்துல கெடக்கு. மனசுல வைக்காதீங்க. வேண்டாம்னா அந்தத் தாளைக் கிழிச்சிருங்க. நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன்."

முப்பத்தேழாம் பக்கம். போன வருடம் மே மாதம். ஆபீஸ் விழாவுக்குப் பொன்னாடை வாங்க வண்டியில் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். அப்படியே நாத்தனார் பெண் கல்யாணத்துக்குப் புடவையும் பார்த்தேன். மூன்று நாள். பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேறு போனேன். "மேடம், 40 நிமி. மேடம், 55 நிமி. மேடம், கோயில், 25 நிமி."

நினைவிருக்கிறது. அவர் சாவியைத் திருகப் போனார். "அணைக்காதீங்கோ செல்வராஜ், திரும்பி வரச்சே உள்ள அடுப்பா இருக்கும்" என்றேன். சாருக்கு மலையாளம், எனக்குத் தமிழ், அவ்வளவுதான் வித்தியாசம்.

சாயங்காலம், ரசம் கொதிக்க வைத்துவிட்டு, கிழித்தேன். ஸ்கேல் வைத்து, நேராக, தையல் ஓரமாக. பழைய பேப்பர் கட்டில் செருகிவிட்டேன். ரசம் பொங்கி அடுப்பெல்லாம். இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் மனசின் ஒரு மூலையில் நிம்மதி. அந்த நிம்மதிதான் இன்னும் அசிங்கம்.

ஜூன் 10, செவ்வாய்

மறுபடி மழை. ஜெராக்ஸ் எடுக்கலாம் என்று நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தேன். நேற்று அதைப் பார்க்கவே இல்லை.

"இந்தப் புத்தகத்தில் 96 பக்கங்கள் உள்ளன எனச் சான்றளிக்கப்படுகிறது." கீழே கையெழுத்து, செல்வராஜ், டிரைவர். ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் எண்.

ஆபீஸில் எந்த ரெஜிஸ்டர் திறந்தாலும் முதல் பக்கத்தில் இந்தச் சான்று இருக்கும். பக்கம் ஒன்று குறைந்தால் ரெஜிஸ்டரே செல்லாது. எத்தனை ரெஜிஸ்டரில் நானே எழுதியிருக்கிறேன், ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்திருப்பேனா? நாலு வருடம் முன் பக்கம் காணாமல் போனதற்கு ஒரு கிளார்க்கை இதே மேஜைக்கு முன்னால் அழவிட்டவள் நான். இந்த மனுஷன் தன் சொந்த நோட்டுக்கு ஆபீஸ் முறையில் பக்கம் எண்ணிச் சான்று எழுதி வைத்திருக்கிறார். அதையும் மறந்துவிட்டு என்னிடம் கிழிக்கச் சொல்கிறார், எனக்காக.

இன்னொன்று. தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. முப்பத்தெட்டில் என்ன இருந்தது? நேற்று நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தேன். "அந்தப் பழைய பேப்பர் கட்டு இருக்கோன்னோ?"

"இருக்கு. அதுலேர்ந்து ஒண்ணு உருவி பிளக்கைத் துடைச்சேன். வண்டி ஸ்டார்ட்டே ஆகலை. ஒரே கரி."

அரை நாள் லீவு. ஆட்டோ. வாசலில், ஓடையோரம், சுருட்டிக் கிடந்தது. ஸ்கூட்டர் பிளக்கின் கரி அப்பி, ஒரு முனை நனைந்து. பால்பாயிண்ட் ஆனதால் எழுத்து தப்பித்தது. முப்பத்தெட்டு: பெரிய சார், கல்யாண மண்டபம், 1 மணி 50 நிமி. இரண்டு வருடத்தில் அதுதான் மிகப் பெரிய நிறுத்தம். என்னை மறைக்கப் போய் அவரையும் மறைத்திருக்கிறேன்.

"என்னடி, குப்பையைப் போய் இஸ்திரி போடறே?"

சொன்னேன், எல்லாவற்றையும். இவர் இஸ்திரிப்பெட்டி சுவிட்சை அணைத்தார். பிறகு, "ஒட்டிடு" என்றார். ஃபெவிகால் எடுத்துக் கொடுத்ததும் இவர்தான்.

ஒட்டினேன். ஒட்டின விளிம்பின் மேல் குறுக்காக எழுதினேன்: "பக்கம் 37, 38 என்னால் கிழிக்கப்பட்டு, என்னால் ஒட்டப்பட்டது." பெயர், பதவி, தேதி. தெருமுனைக் கடையில் எல்லாப் பக்கமும் ஜெராக்ஸ், இரண்டு செட்.

ஜூன் 11, புதன்

மழை. இவர் ஸ்கூட்டரை எடுக்காமல் குடையோடு கோயிலுக்கு நடந்தார். நாலு நிமிடம்தான் என்று எனக்குச் சொன்னார். எனக்கு!

பத்தரைக்கு நோட்டும் செல்வராஜின் பதிலும் பெரிய சார் மேஜையில். முப்பத்தேழாம் பக்கத்தை நானே திறந்து வைத்தேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மெமோ வேண்டா. ஃபயல் க்ளோஸ் செய்தேக்கூ." ஃபைலை மூடு என்கிறார். "இது என்டெ கையில் இருக்கட்டே." நோட்டு டிராயருக்குள் போயிற்று.

பூட்டும்போது கேட்டார். "வேறெ காப்பி உண்டோ?"

"உண்டு சார்."

டிராயர் மேல் கை அப்படியே நின்றது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நியாயம் பார்த்துப் போட்டதல்ல, பயத்தில் போட்டது. இடது பக்கம் மூன்றாவதாக இருந்த என் ஃபைல் இப்போது எல்லாவற்றுக்கும் அடியில். இருக்கட்டும். வெளியே வந்து கை கழுவினேன்.

செல்வராஜ் வண்டி ஷெட்டில் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொஸ்தகம்?"

"சார்கிட்ட. மன்னிச்சுக்கோங்கோ. அந்தத் தாளை நான் கிழிச்சுட்டுத்தான் ஒட்டினேன்."

"சாரமில்ல மேடம். நான்தானே கிழிக்கச் சொன்னேன்."

சீட்டுக்கு அடியிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்தார். சிவப்பு அட்டை. எல்லா மூலையிலும் எண் போட்டாயிற்று, முதல் பக்கத்தில் சான்றும் எழுதியாயிற்று.

"இந்தத் தடவை மேடம் ஒப்பு போட்டுத் தரணும்."

அங்கேயே பானெட் மேல் வைத்து, ஒன்றிலிருந்து எண்ணினேன். மழைச்சாரலில் விரல் ஒட்டியது. அவர் பம்பைப் பிடித்தபடி காத்திருந்தார். தொண்ணூற்றாறு. கையெழுத்துப் போட்டேன்.