பெரிய கார்புரேட்டரைக் கழற்று

டுவேன்,

ஷெரில் வாசலில் ஹாரன் அடிக்கிறாள். அவள் வண்டியில்தான் வேலைக்குப் போகிறேன். நம் காரை நம்பி ஏற எனக்குத் தைரியமில்லை. சாவி ஆணியில் தொங்குகிறது. சூப்பைச் சுடவைத்துக் குடி. உன்னை எழுப்பினால் நேற்றைய சண்டை மறுபடி ஆரம்பிக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று பர்கர் கடை வாசலில் நீ பானெட்டைத் தூக்கியதும், நீ புதிதாக மாட்டிய அந்தப் பெரிய கார்புரேட்டரைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பும்போது சிக்னலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாயே, கார் இருமிவிட்டு நடுரோட்டில் நின்றுபோனது. "புதுசு இல்லையா, போகப்போக சரியாயிடும்" என்கிறாய். ஆகாது. நம் எஞ்சினுக்கு அது ஊட்டுகிற பெட்ரோல் அளவுக்கு மிஞ்சின தீனி. நாளைக்கே எனக்கு வலி எடுத்தால், இந்த வயிற்றோடு நான் இறங்கித் தள்ளவா?

இன்றைக்கே பழையதை மாட்டிவிடு. உன் தம்பி வெர்ன் வந்து, "என்ன, அண்ணி பயந்துட்டாங்களா?" என்று இளிப்பான். ஆமாம் என்று சொல். எனக்கொன்றும் குறைந்துவிடாது.

ரோண்டா

பி.கு.: வெர்ன் கேட்டாலும் பெரியதைக் கொடுத்துவிடாதே. பிள்ளை பிறக்கட்டும், அந்தக் கார்புரேட்டருக்கு ஏற்ற எஞ்சினாகக் கட்டுவோம். முதலில் மிதிக்கப்போவது நான்.